வைரஸுக்கு வழி காட்டிய கெமிக்கல் இன்ஜினியர்

வைரஸ் என்பது பாக்டீரியாவிலிருந்து வேறான ஒன்று என்று முதலில் அடித்துச் சொன்னவர் டாக்டர் இல்லை, கெமிக்கல் இன்ஜினியரிங் படிச்சவர் என்றால் நம்புவீங்களா? பெயர் மார்ட்டினஸ் பெயரிங்க். 1851இல் ஆம்ஸ்டர்டாமில் பிறந்தார். அப்பா புகையிலை வியாபாரி, தொழில் நொடித்துப்போனது. மகன் 1872இல் டெல்ஃப்ட் பாலிடெக்னிக்கில் படிப்பை முடித்தார். பிளஸ் டூ கெமிஸ்ட்ரியில் வான்ட் ஹாஃப் ஃபேக்டர் என்று படிச்சோமே, அந்த வான்ட் ஹாஃப் இவருக்கு அங்கே நண்பர்.

பிறகு வாகனிங்கன் விவசாயப் பள்ளியில் ஆசிரியர் வேலை. சக ஆசிரியர் அடால்ஃப் மேயர், புகையிலை இலையில் திட்டுத்திட்டாக வரும் மொசைக் நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். பெயரிங்கும் தேடினார், கிருமி எதுவும் சிக்கவில்லை. அப்புறம் ஒரு ஈஸ்ட் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு, 1895இல் டெல்ஃப்ட்டுக்கே பேராசிரியராகத் திரும்பினார்.

மொசைக்கை மட்டும் அவர் விடவில்லை. நோயுற்ற இலையை அரைத்து, பாக்டீரியா நுழைய முடியாத பீங்கான் ஃபில்டரில் சாற்றை வடிகட்டினார். வடிந்த சாறும் செடிக்கு நோயைக் கொடுத்தது. இதை ரஷ்யாவில் இவனோவ்ஸ்கி 1892லேயே பார்த்துவிட்டார். ஆனால் பாக்டீரியாவைத் தாண்டி அவர் யோசிக்கவில்லை.

பெயரிங்க் என்ன செய்தார் பாருங்க. வெறும் விஷம் என்றால் ஒரு செடியிலிருந்து அடுத்ததற்குப் போகப்போக நீர்த்துப்போகணும் இல்லையா? போகவில்லை. வரிசையாகச் செடிகள் நோயுற்றுக்கொண்டே இருந்தன. அப்போ அது பெருகுகிறது. ஆனால் பாட்டிலில் வைத்த சாற்றில் பெருகவில்லை, செடியின் பிரியும் செல்களுக்குள் மட்டுமே பெருகியது. பாக்டீரியா அப்படியில்லை, சத்து கொடுத்தால் தட்டிலேயே வளரும். 1898இல் இதை உயிருள்ள தொற்றுத் திரவம் என்று எழுதி, வைரஸ் என்ற பழைய சொல்லையும் பயன்படுத்தினார்.

திரவம் என்றது தப்பு. அது சுமார் 300 நானோமீட்டர் நீளக் குச்சி. புரத உறைக்குள் ஆர்என்ஏ. சொந்தமாகப் புரதம் செய்யும் ரைபோசோம் கிடையாது, செடியின் செல்லில்தான் ஓசியில் செய்துகொள்ளும்.

மனிதர் பழகக் கடினமானவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, மாணவர்களை வாய்க்கு வந்தபடி திட்டுவார். (நல்லவேளை, நமக்கு வைவா எடுக்க வரவில்லை!) 1921இல் ஓய்வு பெற்று, 1931 ஜனவரி 1 அன்று கோர்சல் என்ற ஊரில் இறந்தார். நாலு வருஷம் கழித்து அமெரிக்காவில் வெண்டெல் ஸ்டான்லி அதே மொசைக் வைரஸை உப்பு மாதிரி படிகமாக்கினார். அந்தப் படிகத்தைக் கரைத்து இலையில் தேய்த்தால், செடிக்கு மறுபடியும் நோய் வந்தது.