மண்ணிடம் பாடம் கேட்ட கட்டடக் கலைஞர்

திண்டுக்கல்லிலிருந்து ஏறத்தாழ 60 கி.மீ. தொலைவிலுள்ள மதுரை திருமலை நாயக்கர் மகாலைக் காணாதவர் நம் பகுதியில் அரிது. 1636-இல் எழுந்த அம்மாளிகையின் பெரும்பகுதி பிற்காலத்தில் அழிந்தது. எஞ்சியதைக் காத்துத் தந்தவர்களுள் ஒருவர் ராபர்ட் சிஷோம்.

1840-இல் பிறந்த அவர், 1859-இல் இந்தியா வந்து பொதுப்பணித் துறையில் சேர்ந்தார். சென்னை மாநிலக் கல்லூரிக்கும் பல்கலைக்கழக செனட் மண்டபத்துக்கும் நடந்த வடிவமைப்புப் போட்டியில் வென்று, 1865-இல் சென்னைக்கு வந்தார். 1870-இல் நிறைவுற்ற மாநிலக் கல்லூரி பெரிதும் இத்தாலியப் பாணியில் அமைந்தது. அன்றைய ஆங்கிலேயர்களுக்கு அழகின் இலக்கணம் ஐரோப்பாதான்.

ஆளுநர் நேப்பியரின் முயற்சியால் தொடங்கிய மகால் சீரமைப்புப் பணி, சிஷோமை நம் மரபின்பால் திருப்பியது. அந்தத் தூண்களையும் வளைவுகளையும் சுதை வேலைப்பாடுகளையும் அளந்து ஆராய்ந்தார். கேரளத்தின் சரிந்த ஓட்டுக் கூரைகளையும் பயின்றார். அந்தக் கல்வியின் விளைச்சலே 1879-இல் முடிந்த செனட் மண்டபம், 1880-இல் முடிந்த திருவனந்தபுரம் நேப்பியர் அருங்காட்சியகம், 1884-இல் முடிந்த சென்னை தலைமை அஞ்சலகம் ஆகியவை. சென்னை கலைத்தொழில் பள்ளிக்குத் தலைமையேற்று உள்நாட்டுக் கைவினைஞர்களின் திறனையும் அவர் போற்றினார். பின்னர் பரோடா லட்சுமி விலாஸ் அரண்மனையை நிறைவு செய்தார். 1915-இல் மறைந்தார்.

இந்த வரலாற்றுக்கு மறுபக்கமும் உண்டு. செனட் மண்டபம் எழுந்துகொண்டிருந்த 1876-78 காலத்தில்தான் சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் சூறையாடியது, லட்சக்கணக்கானோர் மாண்டனர். பேரரசின் பெருமிதத்துக்குச் செலவிட்ட அதே அரசு, பட்டினிக்குக் கணக்குப் பார்த்தது. பொருளியல் பயின்றவன் அந்த மண்டபத்தை வியக்கும்போது இதை மறக்க இயலாது.

எனினும், வெயிலுக்கேற்ற கூரை, காற்றுக்கேற்ற வாயில், உள்ளூர்க் கைகளின் நுட்பம் என்று அவர் கற்ற பாடம் பழுதற்றது. இன்று நம் நகரங்களில் கண்ணாடி முகப்பும் அடைத்த சன்னலுமாகக் கட்டடங்கள் பெருகுகின்றன. கட்டும் செலவை ஒருமுறை எண்ணுகிறோம். குளிரூட்டும் செலவையோ ஆண்டாண்டாகச் செலுத்துகிறோம். மின்கட்டணப் பட்டியலில் தெரியும் இழப்பு, கட்டட மதிப்பீட்டில் தெரிவதில்லை. இனி எழுப்பும் அரசு அலுவலகங்களிலும் பள்ளிகளிலுமேனும் அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

கடல் கடந்து வந்த ஒருவர் நம் மண்ணிடம் கற்றதை, இந்த மண்ணிலேயே பிறந்த நாம் மறப்பது முறையன்று.