ரெண்டு கட்டைக்கு நடுவுல ஒரு சுரமா? கால் சுரத்துக்கு இலக்கணம் எழுதிய விஷ்னெகிராட்ஸ்கி யார்?

பியானோவில் அடுத்தடுத்து இருக்கும் ரெண்டு கட்டைகளை அழுத்திப் பாருங்க. அந்த ரெண்டுக்கும் நடுவுல வேற சுரமே கிடையாது. ஆனால் அந்த இடைவெளியில் ஒரு சுரத்தை வைத்து, அதற்கென தனி ஹார்மனியையே உருவாக்கியவர் இவான் விஷ்னெகிராட்ஸ்கி. இளம் வயதில் எழுதிய பெரிய படைப்பு ஒன்று மேடையேற, இவர் சுமார் 60 ஆண்டுகள் காத்திருந்தார்!

யார் இவர்?

1893-ல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்தவர். தாத்தா ரஷ்யப் பேரரசின் நிதி அமைச்சர், அப்பா வங்கியாளர். வசதிக்குக் குறைவே இல்லை. சட்டம் படித்தபடியே இசையும் கற்றார். இசையமைப்பாளர் ஸ்க்ரியாபின் மீது பெரிய ஈர்ப்பு.

1916-ல் 'இருப்பின் நாள்' என்ற படைப்பைத் தொடங்கினார். அதன் பிறகு, 12 சுரங்கள் போதாது என்ற முடிவுக்கு வந்தார். 1918-ல் கால் சுரத்தில் எழுத ஆரம்பித்தார். புரட்சிக்குப் பின் 1920-ல் பாரிஸ் போனவர், கடைசிவரை அங்கேயே வாழ்ந்தார்.

வாசிக்க கருவி எங்கே?

அதுதான் சிக்கல். ஃபோர்ஸ்டர் நிறுவனம் செய்த, மூன்று வரிசைக் கட்டைகள் கொண்ட கால் சுர பியானோ அவருக்குக் கிடைத்தது. ஆனால் அதை வாசிக்கப் பழகியவர்கள் இல்லை. அதனால் எளிய வழிக்கு மாறினார். சாதாரண பியானோ ரெண்டு. ஒன்றை மற்றொன்றைவிட கால் சுரம் தள்ளி சுருதி சேர்த்தால் போதும். ரெண்டு கலைஞர்கள் சேர்ந்து வாசித்தால் 24 சுரங்களும் கிடைத்துவிடும்.

ஹார்மனியில் என்ன புதுசு?

ச-விலிருந்து ப-வுக்கு 7 கட்டை தூரம். இப்படியே ஏழேழாகத் தாவினால், 12 சுரங்களையும் தொட்டுவிட்டு கிளம்பிய இடத்துக்கே வரலாம். மேற்கத்திய ஹார்மனியின் முதுகெலும்பே இந்தத் தாவல்தான்.

கால் சுரக் கணக்கில் அதே தூரம் 14 படி. பதினாலு பதினாலாகத் தாவினால் பழைய 12 சுரங்கள் மட்டுமே வரும். புதிய 12 சுரங்கள் பக்கம் போகவே முடியாது. அதாவது, பழைய ஹார்மனியை வைத்துக்கொண்டால் கால் சுரம் வெறும் அலங்காரம்தான்.

விஷ்னெகிராட்ஸ்கி 11 படித் தாவலைப் பிடித்தார். அது 24 சுரங்களையும் தொட்டுத் திரும்பும். அதிலிருந்து 13 சுரங்கள் கொண்ட வரிசை ஒன்றை எடுத்து, 1934-ல் இரண்டு பியானோக்களுக்கு 24 சிறு படைப்புகள் எழுதினார். 24 சுரங்களில் ஒவ்வொன்றுக்கும் ஒன்று. அதற்கு முன்பே, 1932-ல் கால் சுர ஹார்மனிக்கு ஒரு கையேடும் வெளியிட்டிருந்தார்.

கார்டுகளும் மாறின. வழக்கமான மேஜர் கார்டில் நடு சுரம் 8-வது படியில் இருக்கும், மைனரில் 6-வது படியில். கால் சுரத்தில் 7-வது படியும் உண்டு. அந்தக் கார்டு மேஜரும் இல்லை, மைனரும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் நிற்கும்.

பிறகு என்ன ஆனது?

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர்கள் கைது செய்து கொம்பியேன் முகாமில் அடைத்தனர். விடுதலைக்குப் பின் காசநோய் வாட்டியது. சிகிச்சையில் இருந்தவரை மீண்டும் எழுதத் தூண்டியவர் இசையமைப்பாளர் மெசியான். 1945-ல் பாரிஸில் இவருடைய இசையை வாசித்த பியானோ கலைஞர்களில் ஒருவர், பின்னாளில் உலகப் புகழ் பெற்ற பியர் பூலேஸ்.

'இருப்பின் நாள்' 1978-ல்தான் முதன்முறையாக அரங்கேறியது. அப்போது அவருக்கு வயது 84. அடுத்த ஆண்டே, 1979-ல் பாரிஸில் காலமானார்.

தனிக் கருவி வரும் வரை அவர் காத்திருக்கவில்லை. அதனால்தான் இன்றைக்கும் ரெண்டு பியானோவும், சுருதி சேர்க்கத் தெரிந்த ஒருவரும் இருந்தால் அவருடைய கால் சுர இசையை வாசித்துவிடலாம்.