மருந்து தேடிய தவம்: டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ் சரிதை

நம் தோட்டங்களிலே புற்றுநோய் என்ற சொல்லை உரத்துச் சொல்ல இன்றும் பலர் அஞ்சுகின்றனர். லயத்தில் ஒருவருக்கு அந்நோய் என்று தெரிந்தால் அயலார் குரலைத் தாழ்த்திக்கொள்வர். வீட்டாரோ, யாரோ சொன்ன கைமருந்தை நம்பி மாதங்களைக் கழித்துவிட்டு, முடிவிலே பெரியாசுபத்திரியை நாடுவர். எது மருந்து, எது மருந்தன்று என்று அறிவது எவ்வாறு? இக்கேள்விக்குத் தம் வாழ்வையே விடையாக்கிய ஒரு பெரியாரின் சரிதையை இவ்வாண்டு மலரில் நம் வாலிபர் முன் வைக்கிறோம்.

எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள், அந்நாளைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில், வறிய தெலுங்குக் குடும்பமொன்றிற் பிறந்தார். சிறுவனாயிருக்கையில், காசி யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பொருள் சேர்க்கலாமென எண்ணி வீட்டைவிட்டு ஓடினார் என்பர். தாயார் விடவில்லை, தேடிப் பிடித்து மீண்டும் பள்ளிக்கு அனுப்பினார். படிப்பும் எளிதாக வரவில்லை. மெற்றிக்குலேஷன் பரீட்சையில் இருமுறை தவறி, மூன்றாம் முறையே சென்னையில் தேறினார்.

வாலிபப் பருவத்தில் அவர் மனம் துறவை நாடிற்று. இராமகிருஷ்ண மிஷனிற் சேர விழைந்தார். தாயார் சம்மதிக்கவில்லை. பிறர்க்குத் தொண்டு செய்ய வைத்தியமும் ஒரு வழியென்ற அறிவுரையை ஏற்றுச் சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார். காந்தியடிகளின் அழைப்பைக் கேட்டுக் கதராடை அணிந்து அறுவைச் சிகிச்சைக் கூடத்திற்கு வந்தமை ஆங்கிலப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. முழுப் பட்டத்திற்குப் பதிலாக எல்.எம்.எஸ். என்னும் தாழ்ந்த சான்றிதழே கிடைத்தது. இதற்கிடையில் உடன்பிறந்தார் இருவரை ஸ்ப்ரூ என்னும் குடல்நோய் சில நாள் இடைவெளியில் பலிகொண்டது. நோயின் வேரை அறியவேண்டுமென்ற வேட்கை அவருள் மூண்டது.

1922ஆம் ஆண்டு அக்டோபரில் அவர் அமெரிக்காவின் பொஸ்டன் நகரை அடைந்தார். ஹார்வார்ட் சர்வகலாசாலையிற் பயின்றுகொண்டே, ஆசுபத்திரியில் இரவு வேலையாளாக நோயாளரின் மலசலப் பாத்திரங்களைச் சுத்தஞ் செய்து வயிறு வளர்த்தார். அங்கே சைரஸ் ஃபிஸ்க் என்பாருடன் சேர்ந்து, இரத்தத்திலும் சிறுநீரிலும் பொஸ்பரசை அளக்கும் முறையொன்றை 1925இல் வெளியிட்டார். தசைக்குச் சக்தி தரும் சேர்க்கைகளை ஆராய்ந்தார். ஆயினும் ஹார்வார்டில் அவருக்கு நிலையான பதவி கிட்டவில்லை. 1940இல் நியூயோர்க் மாநிலத்தின் பேர்ல் ரிவரிலிருந்த லெடெர்லே ஆராய்ச்சிசாலைக்குச் சென்று, பின்னர் அதன் ஆராய்ச்சிக்குத் தலைவரானார்.

அங்கு அவருடைய குழுவினர் 1945இல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கினர். இது நம் மலையகத் தாய்மார் நன்கறிந்த பொருளே. கர்ப்பிணிகளுக்குக் கிளினிக்கில் கொடுக்கும் சிறு மாத்திரைதான். இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது அதன் பெயர். இதற்கு முன்னரே லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் வைத்தியர், பம்பாயில் வறிய கர்ப்பிணிகளின் இரத்தசோகை மார்மைட்டினால் தணிவதைக் கண்டு 1931இல் எழுதியிருந்தார். அந்த மார்மைட்டினுள் மறைந்திருந்த சத்து இதுவே. சுப்பாராவின் உடன்பிறந்தாரைக் கொன்ற ஸ்ப்ரூவிற்கும் அது பயன்பட்டது.

இனி வருவதே நாம் முக்கியமாகச் சொல்ல விரும்புவது. பொஸ்டன் சிறுவர் ஆசுபத்திரியில் சிட்னி ஃபார்பர் என்ற வைத்தியர், இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு ஃபோலிக் அமில வகைகளைக் கொடுத்துப் பார்த்தார். நோய் தணியவில்லை, விரைந்து முற்றுவதாகவே அவருக்குத் தோன்றிற்று. அவர் அதை மறைக்கவில்லை. இச்சத்து நோய்க்கு உணவாகுமாயின், அச்சத்தைத் தடுப்பது நோயைப் பட்டினி போடுமல்லவா என்று சிந்தித்தார். அத்தகைய தடுப்புப் பொருள்கள் சுப்பாராவின் ஆராய்ச்சிசாலையிலே உருவாகிக்கொண்டிருந்தன.

பூட்டுக்குட் புகுந்தும் திறவாத திறவுகோலைப் போன்றவை அப்பொருள்கள். ஃபோலிக் அமிலத்தின் உருவில் ஓரிடத்தில் மட்டும் ஒட்சிசனுள்ள பகுதியை நீக்கி அமினோத் தொகுதியை வைத்தால் அமினொப்டெரின் வரும். கலம் அதனைச் சத்தென நம்பி ஏற்று, பெருக இயலாது தவிக்கும். ஆனால் எழுத்தில் சரியாயிருப்பது உடலிற் சரியாகிவிடாது. ஆகவே, அந்த அமிலமின்றி வளரமாட்டாத நுண்கிருமிகளைக் குழாயில் வளர்த்து, புதிய பொருளையிட்டு, வளர்ச்சி நிற்கின்றதா எனப் பார்ப்பர். பின்னர் எலி முதலிய பிராணிகளுக்குக் கொடுத்து, எவ்வளவு தாங்கும், எங்கே நஞ்சாகும் என அளப்பர். அதன் பின்னரே நோயாளிக்குக் கொடுப்பர். பயன்படாத பொருளையும் குறிப்பேட்டில் எழுதிவைப்பர்.

1947ஆம் ஆண்டின் இறுதியில் ஃபார்பர் அமினொப்டெரினைக் கொடுக்கத் தொடங்கினார். 1948 ஜூனில் வெளியிட்ட அறிக்கையில், 16 குழந்தைகளுள் 10 பேருக்கு நோய் தணிந்ததாகக் கூறினார். அத்தணிவு தற்காலிகமானது, நோய் திரும்பிற்று. மருந்து நல்ல கலங்களையும் தாக்கி வாயிற் புண்களை உண்டாக்கிற்று. இவற்றையும் அவர் ஒளிக்கவில்லை. இருந்தும், கைவிடப்பட்ட நோயொன்று மருந்துக்குப் பணியும் என்பது முதன்முறையாகத் தெளிவாயிற்று.

அவ்வறிக்கை வெளியாகி இரண்டு மாதத்திற்குச் சற்று மேலேயே சென்றிருந்தது. 1948 ஆகஸ்டில் சுப்பாராவ் தம் 53ஆம் வயதில் நித்திரையிலேயே மாரடைப்பால் இறந்தார். அதே குடும்பத்து மருந்தாகிய மெத்தோட்ரெக்சேட், நச்சுக்கொடித் திசுவிலிருந்து தோன்றும் புற்றுநோயை 1956இல் தணித்து, பல தாய்மாரை முற்றாகக் குணப்படுத்தும் வழியைத் திறந்ததை அவர் காணவில்லை. இன்று வசதியுள்ள நாடுகளில் இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுட் பெரும்பாலோர் பிழைக்கின்றனர். பல மருந்துகளைச் சேர்த்தளிக்கும் அச்சிகிச்சையில் மெத்தோட்ரெக்சேட்டும் ஒன்று. யானைக்கால் நோய்க்கான டைஎதில்கார்பமசின் மருந்தும் அவர் குழுவின் கொடையே. அம்மருந்தையும் பயன்படுத்தியே நம் இலங்கை அந்நோயை அடக்கி, 2016இல் உலக சுகாதார நிறுவனத்தின் சான்று பெற்றது.

அவர் விளம்பரம் தேடவில்லை. பெருமையைச் சகாக்களுக்கு விட்டுக்கொடுத்தார். ஆனால் இந்தத் தவத்திற்கு விலை கொடுத்தவர் அவர் மட்டுமல்லர். கடல் கடந்த கணவர் திரும்பி வராமலே, மனைவி சேஷகிரி அம்மையார் இந்தியாவிலே காத்திருந்தார். அவர் புறப்பட்ட பின் பிறந்த மகன் தந்தை முகம் காணாமலே குழந்தைப் பருவத்தில் இறந்தான். சுப்பாராவைப் போற்றும் நாம் அவ்வம்மையாரை மறத்தல் ஆகாது.

வாலிபர்களே! பரீட்சையில் தவறியதும் கொழும்புக் கடைக்கு ஓடிவிட எண்ணும் தம்பியர் நம்மிடையே பலர் உண்டு. மூன்றாம் முறை தேறியவர் செய்த வேலையை அவர்க்கு எடுத்துச் சொல்லுங்கள். பெரியோர்களே! வெற்றிலையும் புகையிலையும் மெல்லும் வாயிலே ஆறாத புண்ணோ, வெள்ளைத் தழும்போ கண்டால் நாளைக் கடத்தாது வைத்தியரிடம் காட்டுங்கள். ஒருவர் ஒரு மருந்தைப் புகழ்ந்தால், அது யாரிடம், எத்தனை பேரிடம் சோதிக்கப்பட்டது, எத்தனை பேருக்குப் பயன்படவில்லை என்று கேளுங்கள். பயன்படாத கணக்கையும் சொல்பவரே நம்பத்தக்கவர். அவ்வாறு கேட்கப் பழகுவதே சுப்பாராவுக்கு நாம் செலுத்தும் அஞ்சலியாகும்.