கடல் முள்ளெலியில் புற்றுநோயைக் கண்டவர்

ரத்தப் புற்றுநோய் என்று சந்தேகம் எழுந்தால் குரோமோசோம் பரிசோதனைக்கு மருத்துவர் எழுதித் தருகிறார். அந்தச் சீட்டைக் காணும்போதெல்லாம் எனக்குத் தியோடர் பொவேரியின் நினைவு வரும். புற்றுநோயாளி எவருக்கும் அவர் சிகிச்சை அளித்ததில்லை, அவர் விலங்கியலாளர்.

1862இல் ஜெர்மனியின் பாம்பெர்க் நகரில் பிறந்த பொவேரி, 1893 முதல் வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். நேப்பிள்ஸ் கடலோர ஆய்வு நிலையத்தில் கடல் முள்ளெலியின் முட்டைகளை ஆராய்ந்தார். ஒரே முட்டையில் இரண்டு விந்தணுக்கள் புகும்படி செய்தார். அந்த முட்டை இரண்டாகப் பிரியாமல் ஒரே வேளையில் நான்காகப் பிரிந்தது. குரோமோசோம்கள் தாறுமாறாகப் பங்கிடப்பட்டன. பெரும்பாலான கருக்கள் சிதைந்தன. எண்ணிக்கை மட்டும் போதாது, ஒவ்வொரு குரோமோசோமும் தனித்தனிப் பணியுடையது, முழுத் தொகுதியும் இருந்தாக வேண்டும் என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

கட்டுப்பாடின்றிப் பெருகும் புற்றணுவும் இப்படிக் குரோமோசோம் சீர்குலைந்த ஒற்றை அணுவிலிருந்தே தோன்றலாம் என 1914இல் ஒரு சிறு நூலில் வாதிட்டார். புற்றணுக்களின் முறைகேடான பிரிவை ஹன்சமன் முன்பே கண்டிருந்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால், காட்சியைக் காரணமாக மாற்றியவர் பொவேரிதான். மனித அணுவில் 46 குரோமோசோம்கள் என்பதே 1956இல்தான் உறுதியானது. அந்நிலையில் இப்படி எழுதியதை நான் துணிச்சல் என்பேன். அன்றைய மருத்துவ உலகமோ அதைப் பெரிதாக மதிக்கவில்லை.

நெடுநாள் நலிவுற்றிருந்த அவர், பெர்லினில் தேடி வந்த இயக்குநர் பதவியையும் உடல்நிலை காரணமாக மறுத்தார். 1915 அக்டோபரில், 53 வயது நிறைந்த மூன்றாம் நாள் காலமானார். மனைவி மார்செல்லா, அவரும் உயிரியலாளர், அந்நூலை 1929இல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார்.

முதல் உறுதியான சான்று ரத்தத்திலிருந்தே கிடைத்தது. 1960இல் பிலடெல்பியாவில் நோவெல், ஹங்கர்ஃபோர்ட் இருவரும் நாட்பட்ட ரத்தப் புற்றுநோயாளிகளின் அணுக்களில் வழக்கத்துக்கு மாறான சிறிய குரோமோசோம் ஒன்றைக் கண்டனர். 9ஆம், 22ஆம் குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறியதே காரணம் என 1973இல் ஜேனட் ரௌலி காட்டினார்.

பொவேரிக்குத் தெரிய வாய்ப்பில்லாத ஒன்று உண்டு. உடைந்த குரோமோசோமுடன் ஓர் அணு பெருகாதபடி தடுக்கும் காவல் மரபணுக்கள் நமக்குள் இருக்கின்றன. டிபி53 அவற்றில் ஒன்று. அது பழுதுபட்டால், மடிய வேண்டிய அணு பிழைத்துப் பிளவுபடுகிறது. ஒவ்வொரு பிரிவிலும் சேதம் கூடுகிறது. தீவிர மைலாய்டு ரத்தப் புற்றுநோயில் இந்த மரபணு கெட்டவர்களிடம் பல குரோமோசோம்கள் ஒருசேர முறிந்து, மாறி ஒட்டியிருப்பதைப் பெரும்பாலும் காணலாம். சிகிச்சைக்கு எளிதில் பணியாத வகை அது.