காற்றை அளந்த குருவானவர்: ஸ்டீபன் ஹேல்ஸ்

ஆலைகளின் கூரைமேற் பருத்த தகரக் குழாய்களும், அவற்றோடு இணைந்து சுழலும் விசிறிகளும் இருப்பதை நாம் கண்டிருக்கிறோம். உள்ளே உழைப்போரின் மூச்சில் தூசியும் நச்சாவியுங் கலவாதபடி அவற்றை ஈர்த்து வெளியேற்றுவதே அவற்றின் தொழில். இக்கலைக்கு வித்திட்ட முன்னோருள் ஒருவர் ஓர் எளிய கிராமக் குருவானவர் என்பதை நம்மிற் பலர் அறியார். அன்னாரது சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கமாகக் கூறுவோம்.

ஸ்டீபன் ஹேல்ஸ் 1677-ஆம் ஆண்டு இங்கிலாந்து தேசத்தில், கென்ட் மாகாணத்துப் பெக்ஸ்போர்ன் என்னுஞ் சிற்றூரிற் பிறந்தார். 1696-இற் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையிற் சேர்ந்து, வேதசாஸ்திரத்தையும் இயற்கைச் சாஸ்திரத்தையும் ஒருங்கே பயின்றார். 1709-இல், தேம்ஸ் நதிக்கரையிலுள்ள டெடிங்டன் கிராமத்துச் சபைக்குக் குருவாக அமர்ந்து, மரணபரியந்தம் அங்கேயே ஊழியஞ் செய்தார்.

எதனையும் அளந்தறிய வேண்டுமென்பது இவரது உறுதி. செடிகள் வேரால் உறிஞ்சி இலையால் வெளிவிடும் நீரை நிறுத்துக் கணக்கிட்டு 1727-இல் ஒரு நூல் வெளியிட்டார். குதிரையின் நாடியிற் கண்ணாடிக் குழாய் பொருத்தி, இரத்தம் எவ்வளவு உயரம் எழும்புகிறதென்று அளந்த வரலாற்றை 1733-இல் வெளியிட்டார். 1718-இலேயே ராயல் சொஸைட்டியின் அங்கத்தினராகிய இவருக்கு, 1739-இற் காப்லி பதக்கமும் வழங்கப்பெற்றது.

அக்காலத்திற் கப்பல்களின் கீழ்த்தளத்திலும் சிறைச்சாலைகளிலும் மாந்தர் நெருக்கமாய் அடைபட்டுக் கொள்ளைக் காய்ச்சலால் மடிந்தனர். இதற்கு இரங்கிய ஹேல்ஸ் ஒரு யந்திரம் அமைத்து, 1743-இல் அதனை விவரித்து நூல் எழுதினார். அது பெரியதொரு மரப்பெட்டி. அதனுள் ஒரு முனையிற் கீல் பூட்டிய பலகை. நெம்புகோலால் அப்பலகையை ஏற்றி இறக்க, ஒருசார் கதவுகள் திறந்து காற்றை உள்வாங்கும். மறுசார் கதவுகள் திறந்து வெளியே தள்ளும். கொல்லன் துருத்தியை ஒத்த இவ்வேலைப்பாடு கப்பல்களிலும் மருத்துவசாலைகளிலும் இடம் பெற்றது.

1750-இல் லண்டன் மாநகர நீதிமன்றத்திற் பரவிய சிறைக் காய்ச்சலால் நகரத் தலைவரும் நீதிபதிகளும் மாண்டனர். அதன்பின் 1752-இல், நியூகேட் சிறையின்மேற் காற்றாலை நிறுவி, அறைதோறும் குழாய் செலுத்தி, ஹேல்ஸின் யந்திரத்தை இயக்கினர். அவ்வேலையில் ஈடுபட்ட தொழிலாளருட் பலர் தாமே காய்ச்சலுற்றனர். பிறருடைய சுவாசத்தைக் காக்க உழைத்தோரின் சுவாசத்தைக் காப்பார் இலர் என்பது நம் சிந்தைக்குரியது. அவ்யந்திரம் அடிமைகளை ஏற்றிச் சென்ற கப்பல்களிலும் அமைக்கப்பட்டது என்பதையும் நாம் மறைத்தல் தகாது. அடைபட்டோர்க்குக் காற்றுக் கிடைத்தது, விடுதலை கிடைக்கவில்லை.

சிறைக் காய்ச்சலுக்குக் கெட்ட காற்றே காரணமென்று ஹேல்ஸ் எண்ணினார். உடலிற் பற்றும் பேனே அதனைப் பரப்புவதென்று 1909-இற் சார்ல்ஸ் நிக்கோல் நிரூபித்தார். எனினும் ஹேல்ஸின் முறை பொய்த்துவிடவில்லை. 1754-இல் தம் கிராமத்திற்கு நல்ல தண்ணீர் வரச் செய்தபோது, இரண்டு குவார்ட் கொள்ளும் பாத்திரம், ஊசற்குண்டு மூன்று விநாடி ஆடும் பொழுதில் நிரம்பிற்று என்று சபைப் பதிவேட்டில் எழுதிவைத்தார். ஓடும் பொருளை அளக்க அளவும் காலமும் வேண்டும் என்பதே இதன் பொருள்.

ஆலைக் குழாய்க்கும் விதி இதுவே. குழாயின் குறுக்குப் பரப்பைக் காற்றின் வேகத்தாற் பெருக்கினால், வெளியேறும் அளவு கிடைக்கும். விட்டத்தைப் பாதியாக்கினால், அதே அளவு காற்று நான்கு மடங்கு வேகத்தில் ஓடவேண்டும். உராய்வால் நேரும் அழுத்த நட்டமோ ஏறக்குறைய 32 மடங்காகும். மிக அகன்ற குழாயிலோ வேகங் குன்றித் தூசி அடியிற் படியும். ஆகவே தூசி எழுமிடத்திலேயே குழாயின் வாயை அமைத்து, வேண்டிய காற்றின் அளவை முதலிற் கணித்து, அதற்கேற்ற குழாயைத் தெரிந்து, அதன் தடை முழுவதையும் கூட்டிய பின்னரே விசிறியைத் தெரிந்தெடுத்தல் வேண்டும். விசிறி சிறிதாயின் வேகத்தைக் கூட்டிக்கொள்ளலாமென்று எண்ணுதல் பேதைமை. வேகத்தை இரட்டித்தாற் காற்று இரட்டிக்கும். அதற்குச் செலவாகும் சக்தியோ எட்டு மடங்காகும். வெளியேறிய காற்றுக்கு ஈடாகப் புதுக்காற்று புகவும் வழி வேண்டும். இன்றேல் நல்ல விசிறியும் வீணே சுழலும்.

அரசர் விண்ட்ஸர் ஆலயத்தில் அளிக்க நினைத்த உயர்பதவியை விலக்கித் தம் சிறு சபையோடே இருந்த ஹேல்ஸ், 1761 ஜனவரி மாதம் தேகவியோகமானார். டெடிங்டன் ஆலயத்திலேயே அவரது உடல் அடக்கஞ் செய்யப்பெற்றது.

நம் மாணவருட் சிலர் நாளை யந்திரசாஸ்திரிகளாய் ஆலைகளில் அமர்வர். அவர்கள் தாளில் எழுதும் ஒவ்வோர் எண்ணும் முகமறியாத ஒரு தொழிலாளியின் நுரையீரலைச் சாரும். இரக்கம் மாத்திரம் அவனைக் காவாது. கணக்கு மாத்திரமும் காவாது. இரண்டும் ஒருவரிடத்தே கூடுதல் கூடுமென்பதற்கு இக்குருவானவரின் வாழ்க்கையே சான்று.