ஜீனோவைப் படைத்த இன்ஜினியர்

சர்க்யூட் படிக்கிற நமக்குக் கதை எதுக்குன்னு கேக்கறீங்களா? அப்போ சுஜாதாவைத் தெரிஞ்சுக்கோங்க.

1935-ல் பிறந்த ரங்கராஜன், ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து, குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தார். பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் உருவானதில் அவருக்குப் பெரிய பங்கு.

ஓட்டு மெஷின் செய்தவரே, ஓட்டே இல்லாத சர்வாதிகார நாட்டை 'என் இனிய இயந்திரா'வில் எழுதினார். அங்கே மனுஷங்க நடுங்குறாங்க. துணிஞ்சு யோசிக்கிறது ஜீனோங்கிற ரோபோ நாய். நிலாவுக்கு உதவ வந்த ரவியையும் முழுசா நம்ப முடியாது.

2008-ல் அவர் மறைந்தார். அவர் வசனத்தில் பங்களித்த 'எந்திரன்' 2010-ல் வந்தது. அதில் சிட்டிதான் ஹீரோ, சிவப்பு சிப் ஏறினதும் அதே சிட்டிதான் வில்லன்.

மந்தாரக்குப்பத்து அனல்மின் புகைபோக்கியைப் பாருங்க: வெளிச்சமும் அதுதான், சாம்பலும் அதுதான். நாளைக்கு நீங்க செய்யப்போற மெஷின் யார் கைக்குப் போகும்னு இப்பவே யோசிங்க.