இலையில் இருந்த மருந்து

நுழையும்முன்

வயிறு நிறைய உண்டும் உடல் நலிவதுண்டு. உணவின் அளவில் குறை இல்லாதபோதும், மிகச் சிறிய அளவில் வேண்டப்படும் ஓர் உயிர்ச்சத்து இல்லாமற்போனால் நோய் தோன்றும். தம் உடன்பிறந்தாரை இழக்கச் செய்த நோய்க்கு மருந்தாகும் உயிர்ச்சத்தை உருவாக்கிய குழுவை வழிநடத்தியவர், சென்னையில் மருத்துவம் பயின்ற எல்லாப்பிரகடா சுப்பாராவ். அவரது வாழ்வை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

பீமவரத்திலிருந்து சென்னைக்கு

சுப்பாராவ் 1895ஆம் ஆண்டு சனவரி 12ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்தில் அடங்கியிருந்த பீமவரத்தில் பிறந்தார். தந்தையார் ஜகந்நாதம், தாயார் வெங்கம்மா. வறுமை மிகுந்த குடும்பம். இளம் வயதில் காசிக்குச் சென்று, அங்கு வரும் பயணிகளுக்கு வாழைப்பழம் விற்றுப் பொருளீட்ட எண்ணி வீட்டைவிட்டுப் புறப்பட்டார். தாயார் அவரைத் தேடி மீட்டுவந்து பள்ளியில் சேர்த்தார். தந்தை மறைந்தபின் தம் நகைகளை விற்று மகனைப் படிக்கவைத்தார். மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தோல்வியுற்ற சுப்பாராவ், சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்று மூன்றாம் முறை வெற்றி பெற்றார்.

மாநிலக் கல்லூரியில் பயின்றபோது இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து துறவியாக விரும்பினார். தாயார் இசையவில்லை. மருத்துவராகித் தொண்டாற்றலாம் எனத் தெளிந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். காந்தியடிகளின் அறைகூவலை ஏற்று, அறுவை மருத்துவ வகுப்பிலும் கதராடை அணிந்தார். அது பேராசிரியரின் சினத்திற்கு உள்ளாயிற்று. எம்.பி.பி.எஸ். பட்டத்திற்குப் பதிலாக, அதனினும் தாழ்ந்ததாகக் கருதப்பட்ட எல்.எம்.எஸ். தகுதியே அவருக்குக் கிடைத்தது.

வீட்டைச் சூழ்ந்த நோய்

அக்காலத்தில் வெப்ப நாடுகளில் ஸ்ப்ரூ என்னும் குடல்நோய் பலரை வாட்டியது. இந்நோயில் குடலின் உட்சுவர் சிதைவதால், உண்ட உணவின் சத்து உடலில் சேராது. தொடர்ந்த வயிற்றுப்போக்கும் இரத்தசோகையும் நோயாளியை உருக்குலைக்கும். சுப்பாராவின் உடன்பிறந்தார் இருவர் சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்து இந்நோய்க்கு இரையாயினர். அவரையும் அந்நோய் பற்றியது. ஆயுர்வேத மருத்துவர் ஆசண்ட லட்சுமிபதியின் மருத்துவத்தால் அவர் உயிர் பிழைத்தார். சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் ஆசிரியராகவும் பணியாற்றினார். எனினும், அந்நோயின் வேர் எது என்னும் வினா அவரைவிட்டு அகலவில்லை. விடைதேடி அமெரிக்கா செல்ல முடிவு செய்தார். மாமனாரின் பொருளுதவியோடும் அறக்கொடையாளர்களின் துணையோடும் கப்பலேறினார். அப்போது பிரிந்த மனைவி சேஷகிரியை அவர் மீண்டும் காணவே இல்லை. தந்தையின் முகம் காணாமலே அவர்களுடைய மகன் குழந்தைப் பருவத்தில் இறந்தான்.

இரவில் ஊழியர், பகலில் ஆய்வாளர்

பாஸ்டன் நகரை அடைந்த சுப்பாராவ், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வெப்பநாட்டு மருத்துவம் பயின்றார். பிழைப்புக்காக மருத்துவமனை ஒன்றில் இரவுநேர ஊழியராக வேலை பார்த்தார். பின்னர் சைரஸ் பிஸ்க் என்னும் உயிர்வேதியியலாளருடன் இணைந்து, உடல் நீர்மங்களில் பாஸ்பரசை அளக்கும் எளிய முறையை 1925இல் வெளியிட்டார். தசை இயக்கத்திற்கு ஆற்றல் தரும் பாஸ்போகிரியாட்டினையும், உயிரணுக்களின் ஆற்றல் நாணயமாகிய அடினோசின் டிரைபாஸ்பேட்டையும் அவ்விருவரும் கண்டறிந்தனர். ஆயினும் ஹார்வர்டில் நிலையான பதவி அவருக்குக் கிட்டவில்லை. 1940இல் நியூயார்க் மாநிலத்தின் லெடர்லி ஆய்வகத்தில் சேர்ந்து அதன் ஆராய்ச்சிப் பிரிவை வழிநடத்தினார்.

ஈரலிலிருந்து இலைக்கு

கொடிய இரத்தசோகை கொண்டோர் நாள்தோறும் ஈரலை மிகுதியாக உண்டால் நலம் பெறுவர் என்பதைப் பாஸ்டன் மருத்துவர்களான மைனட்டும் மர்பியும் 1926இல் காட்டியிருந்தனர். பம்பாயில் ஆய்வு செய்த லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவர், கருவுற்ற பெண்களுக்கு வரும் ஒருவகை இரத்தசோகையை ஈஸ்ட் சாறு நீக்குவதை 1931இல் அறிவித்தார். ஈஸ்ட் சாற்றில் இருந்த அந்தப் பெயரறியாப் பொருள் கீரையிலும் உண்டெனப் பின்னர்த் தெளிவாயிற்று. 1941இல் பசலை இனக் கீரையிலிருந்து அது பிரித்தெடுக்கப்பட்டது. இலத்தீன் மொழியில் இலையைக் குறிக்கும் சொல்லைக்கொண்டு அதற்கு ஃபோலிக் அமிலம் எனப் பெயரிட்டனர்.

டன் கணக்கான கீரையிலிருந்து கிடைத்ததோ மிகச் சிறிதளவே. அது நோயாளிகளுக்குப் போதாது. சுப்பாராவின் குழு ஈரலிலிருந்தும் நுண்ணுயிர் வளர்ப்பிலிருந்தும் அப்பொருளைப் பிரித்து, அதன் வேதி அமைப்பை அறிந்து, 1945இல் ஆய்வகத்திலேயே உருவாக்கியது. மருத்துவர்கள் அதனை ஸ்ப்ரூ நோயாளிகளுக்கு அளித்தபோது அவர்கள் இரத்தம் ஊறித் தேறினர். உடன்பிறந்தார் மாண்டு இருபது ஆண்டுகளுக்கும் மேலான பின்னரே அந்நோய்க்குரிய மருந்து சுப்பாராவின் கைக்கு எட்டியது.

பச்சை உணவும் சமைத்த உணவும்

பி வகை உயிர்ச்சத்துகள் எட்டு. அவை ஒரே உணவில் நமக்கு வேண்டிய அளவு அமைவதில்லை. ஃபோலிக் அமில வகைச் சத்து நீரில் கரையும், வெப்பத்தில் சிதையும். கீரையை நெடுநேரம் வேகவைத்து நீரை வடித்துக் கொட்டினால் அதன் பெரும்பகுதி வீணாகும். நன்கு கழுவிய பச்சைக் காய்கனிகளும் முளைகட்டிய பயறும் இவ்வகையில் சிறந்தவை. அரிசியைத் தீட்டும்போது தவிட்டோடு தயமின் என்னும் பி1 சத்து நீங்குகிறது. தவிடு நீங்காத கைக்குத்தல் அரிசி அதனைக் காக்கிறது.

ஆயினும் சமைக்காத தாவர உணவு மட்டுமே எல்லாச் சத்தும் தரும் என்பது பிழை. பி12 உயிர்ச்சத்தை நுண்ணுயிர்களே ஆக்குகின்றன; தாவரங்கள் ஆக்குவதில்லை. மீன், இறைச்சி, முட்டை, பால் ஆகியவற்றின் வழியே அது நம்மை அடைகிறது. பழவேற்காடு ஏரிக்கரையில் தோணிரேவு முதலிய மீனவர் ஊர்களின் உணவாகிய மீனும் நண்டும் அதனை நிறையத் தருபவை. சிலவகை மீன்களையும் சிப்பிகளையும் பச்சையாக உண்டால் அவற்றிலுள்ள நொதி தயமினை அழிக்கும். சமைத்தால் அந்நொதி செயலிழக்கும். எனவே எதனைப் பச்சையாக உண்பது, எதனைச் சமைத்து உண்பது என்பதைப் பொருளறிந்தே முடிவு செய்தல் வேண்டும். பாலையும் தவிர்ப்போர் பி12 செறிவூட்டிய உணவையோ மருத்துவர் கூறும் மாத்திரையையோ நாட வேண்டும்.

பி12 உடலில் ஆண்டுக்கணக்கில் சேமிக்கப்படுவதால் அதன் குறை உடனே வெளிப்படாது. ஃபோலிக் அமிலம் இரத்தத்தைச் சீராக்கினாலும் பி12 குறையால் நரம்புக்கு நேரும் கேட்டைத் தடுக்காது. ஒன்றின் நிறைவு மற்றொன்றின் குறையை மறைத்துவிடும் என்பதை ஃபோலிக் அமிலத்தின் வரலாறே கற்பித்தது.

மறைவும் பயனும்

யானைக்கால் நோயை உண்டாக்கும் புழுக்களை எதிர்க்கும் மருந்தும், ஆரியோமைசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லியும் அவர் வழிநடத்திய ஆய்வகத்தில் உருவாயின. ஃபோலிக் அமிலத்தின் செயலைத் தடுக்கும் பொருள்களே குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு முதல் மருந்துகளாயின. பி12 தனித்துப் பிரிக்கப்பட்ட 1948ஆம் ஆண்டிலேயே, ஆகஸ்டு மாதத்தில், சுப்பாராவ் தம் ஐம்பத்து மூன்றாம் அகவையில் நியூயார்க்கில் மறைந்தார். தாயகம் திரும்பும் வாய்ப்பு அவருக்கு இறுதிவரை அமையவில்லை. 1995இல் இந்திய அரசு அவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது.

இன்று கருவுற்ற தாய்மார்க்கு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை வழங்கப்படுகிறது. வளரிளம் பருவத்தினர்க்குப் பள்ளிகளில் வாரந்தோறும் தரப்படுவதும் அதுவே. அச்சிறு மாத்திரையில் சுப்பாராவின் உழைப்பும் அடங்கியுள்ளது.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் வீட்டு ஒருவார உணவைப் பட்டியலிட்டு, ஃபோலிக் அமிலமும் பி12 உயிர்ச்சத்தும் தரும் உணவுகளைத் தனித்தனியே குறிக்கவும்.
2. வறுமையும் பிரிவும் தடையாகாத அறிவியல் வாழ்வு என்னும் பொருளில் வகுப்பறையில் உரையாற்றுக.